15½ அங்குலமா, 16 அங்குலமா? வயோலா வாங்கப்போகும் ஒரு தங்கச்சிக்கு

யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 38, உயரம் 5 அடி 3 அங்குலம். சின்ன வயதில் பத்து வருடம் கர்நாடக வயலின் படித்து, வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளும் எடுத்தவர். இப்போது அவருடைய தேவாலயத்தில் சின்னதாக ஒரு தந்தி வாத்தியக் குழு தொடங்கியிருக்கிறார்கள். வயலினுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். வயலினைப் போலவே தோளில் வைத்து வாசிக்கும், ஆனால் அதை விடக் கொஞ்சம் பெரிய, குரல் தாழ்ந்த வயோலாவுக்கு ஒருவரும் இல்லை. கனடாவில் இருக்கும் அண்ணா ஒன்று வாங்கி மார்கழியில் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். கடையில் 15, 15½, 16, 16½ என்று நாலு அளவு சொல்கிறார்களாம். எது வேண்டும் என்று அண்ணா கேட்கிறார். கேள்வியின் கடைசி வரியில், "வீட்டில் கீழே அமர்ந்து கீர்த்தனையும் வாசிக்க ஆசை" என்றும் எழுதியிருக்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். 15½ அங்குலம். தந்தி நீளம் 36 சென்ரிமீற்றர் அளவில் இருக்க வேண்டும், அதைத் தாண்டி அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. இந்த இரண்டாவது எண்ணைத்தான் அண்ணா கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். ஏன் என்பதை இனி ஆறுதலாகச் சொல்கிறேன்.

வயலினில் வளர்ந்த ஆளுக்கு அளவு என்ற பிரச்சினையே கிடையாது. உடல் நீளம் 14 அங்குலம், அதாவது 35½ சென்ரிமீற்றர். உலகத்தில் எங்கே வாங்கினாலும் சில மில்லிமீற்றர் வித்தியாசத்துக்குள் அதுதான். வயோலாவில் அப்படி ஒரு அளவு கிடையாது. காரணம் அதன் சுருதி. வயோலாவின் நாலு தந்திகளும் வயலினை விட ஒரு பஞ்சமம் கீழே நிற்கின்றன: சி, ஜி, டி, ஏ. ஒரு பஞ்சமம் இறங்கினால், வயலினின் அதே கணக்குப்படி உடலும் ஒன்றரை மடங்கு பெரிதாக வேண்டும். 14 அங்குலத்தின் ஒன்றரை மடங்கு 21 அங்குலம். அதைத் தோளில் வைத்து வாசிக்க ஒரு மனிதராலும் முடியாது. ஆகவே எந்த வயோலாவும் தன் சுருதிக்கு வேண்டியதை விடச் சின்ன உடலோடுதான் பிறக்கிறது. எவ்வளவு சின்னதாக்குவது என்பதில்தான் செய்கிறவர்கள் ஆளுக்கொரு முடிவு எடுத்தார்கள்.

பழைய இத்தாலியில் ஒரே காலத்தில் பெரிய வயோலாவும் சின்ன வயோலாவும் செய்தார்கள். ஸ்ட்ராடிவாரி 1690இல் மெடிச்சி குடும்பத்துக்குச் செய்த பெரிய வயோலா இன்றும் புளோரன்ஸில் இருக்கிறது. அதன் உடல் 47 சென்ரிமீற்றருக்கும் மேல். அந்தக் காலத்துப் பெரிய வயோலாக்கள் பலவற்றைப் பிறகு வந்தவர்கள் கைக்கு அடங்கவில்லை என்று வெட்டிச் சின்னதாக்கிவிட்டார்கள். நினைத்தாலே மனம் பதறும் காரியம் அது. ஆனால் வாசித்தவர்களின் கை எவ்வளவு பாடுபட்டிருந்தால் அதைத் துணிந்து செய்திருப்பார்கள் என்றும் யோசிக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் லயனல் டெர்டிஸ் என்ற ஆங்கிலேய வயோலாக் கலைஞர் 16¾ அங்குலத்தில் ஒரு மாதிரியை வகுத்தார். இதற்கு மேல் போனால் கை தாங்காது, இதற்குக் கீழே போனால் சி தந்திக்குக் குரல் இராது என்பது அவர் கணக்கு. அது அவருடைய கைக்குச் சரி. எங்களுடைய கைக்கு வேறு கணக்குப் போட வேண்டும்.

கடையில் நடக்கக்கூடிய ஒரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். இணையத்தில் சில விற்பனையாளர்கள் வயோலாவுக்கும் "4/4" என்றோ "ஃபுல் சைஸ்" என்றோ போடுகிறார்கள். வயோலாவில் அந்தப் பெயருக்கு அர்த்தம் இல்லை. ஒரு கடையில் அது 15½, இன்னொரு கடையில் 16. அங்குலத்தில் சொல்லச் சொல்லி அண்ணா கேட்க வேண்டும். அந்த அங்குலம் உடலின் நீளம் மட்டும்தான். பின்பலகையில், கழுத்து ஒட்டும் இடத்தில் ஒரு சின்ன நாக்குப்போலத் துருத்திக்கொண்டு நிற்குமே, அதை விட்டுவிட்டு அதன் கீழிருந்து அடி விளிம்பு வரை அளப்பது. கழுத்தும் சுருள் தலையும் கணக்கில் வராது.

ஆனால் உங்கள் விரலுக்கு உடலின் நீளம் தெரியாது. விரலுக்குத் தெரிவது தந்தியின் நீளம்தான். தலைப்பக்கம் தந்தி படுத்திருக்கும் சின்ன மேடான நட்டில் இருந்து, உடலின் நடுவே தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை வரைக்கும் உள்ள தூரம் அது. வயலினில் இது 32½ சென்ரிமீற்றர் வரும். 15½ வயோலாவில் சாதாரணமாக 36, 16இல் 37, 16½இல் 38 என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரணமாக என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் ஒரே 16 அங்குல வயோலாக்கள் இரண்டில் தந்தி நீளம் ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசப்படுவதுண்டு. செய்தவர் கழுத்தை எவ்வளவு நீளம் விட்டார், குதிரையை எங்கே நிறுத்தினார் என்பதைப் பொறுத்தது. கழுத்துக் குட்டையான 16 ஒன்று, கழுத்து நீண்ட 15½ஐ விடக் கைக்குச் சுகமாக இருக்கக்கூடும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தும்புத்தடி எடுங்கள். தடியின் ஒரு முனையை நட் என்று வைத்து, அங்கிருந்து 4 சென்ரிமீற்றரில் ஒரு கோடும் 12 சென்ரிமீற்றரில் ஒரு கோடும் பேனாவால் போடுங்கள். தந்தி நீளத்தில் ஒன்பதில் ஒரு பங்கில் முதல் விரல் விழும், மூன்றில் ஒரு பங்கில் நாலாம் விரல் விழும். 36 சென்ரிமீற்றருக்கு அதுதான் 4, 12. இப்போது தடியை வயலின் கழுத்துப் போலப் பிடித்து, சுட்டுவிரலை முதல் கோட்டிலும் சின்னிவிரலை மற்றதிலும் வையுங்கள். நடுவே 8 சென்ரிமீற்றர். உங்கள் வயலினில் இதே இடைவெளி 7.2 தான். சின்னிவிரல் வளைந்தபடியே கோட்டில் இறங்குகிறதா, அல்லது கம்பி மாதிரி நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். வளைந்து விழுந்தால் 15½ உங்களுக்குச் சரி. விறைத்து நின்றால் 15தான். 16க்கு இடைவெளி 8.2, 16½க்கு ஏறக்குறைய 8.4. இரண்டு மூன்று மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். எட்டுகிற எல்லையில் நிற்கும் விரலுக்கு அந்த இரண்டு மில்லிமீற்றர்தான் வலியாக வரும்.

அடுத்தது கையின் நீளம். கழுத்தில் இருந்து உள்ளங்கை நடு வரை அளந்து, அட்டவணையில் பார்த்து அளவு எடு என்று கடைகளில் சொல்வார்கள். தொடக்கத்துக்கு அது உதவும். ஆனால் ஒரு கடையின் அட்டவணையும் மற்றக் கடையின் அட்டவணையும் ஒத்துப்போவதில்லை. நான் இப்படிப் பார்க்கச் சொல்வேன். உங்கள் வயலினைத் தோளில் வையுங்கள். இடது கையை வழக்கமான இடத்தில் வைக்காமல், தந்தி முறுக்கும் பிருடைகள் இருக்கும் பெட்டி முடிந்து சுருள் தலை தொடங்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். 15½ அல்லது 16 அங்குல வயோலாவில் நட் வரும் இடம் கிட்டத்தட்ட அதுதான், வயலினை விட ஐந்தரை முதல் ஏழு சென்ரிமீற்றர் தள்ளி. அங்கே கையை வைத்தபடி, ஆகக் கீழ்த்தந்திக்கு மேலே நாலு விரலும் வருமாறு முழங்கையை உள்ளே திருப்புங்கள். வயலினில் ஜி தந்தி இருக்கும் இடத்தில்தான் வயோலாவின் சி தந்தி. முழங்கையில் இன்னும் தெளிவான மடிப்பு இருந்தால் நல்லது. கை நீட்டி நிமிர்ந்துவிட்டால், அல்லது அதைச் செய்யத் தோள் காதை நோக்கி ஏறினால், அந்த அளவு உங்களுக்கு ஆகாது. இதைச் செய்யும்போது வீட்டில் யாரையாவது பக்கத்தில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். தோள் ஏறுவது வாசிக்கிறவருக்குத் தெரிவதில்லை.

உயரத்தை மட்டும் வைத்து அளவு சொல்ல நான் தயங்குவதும் இதனால்தான். என்னிடம் படித்த இரண்டு பேர் ஒரே உயரம். ஒருவருக்குக் கை நீளம், விரல் குட்டை. மற்றவருக்கு உள்ளங்கை அகலம், கை குட்டை. முதலாமவர் 16ஐப் பிடிக்கச் சுகமாகப் பிடித்தார், ஆனால் நாலாம் விரல் எப்போதும் சுருதி குறைந்தே விழுந்தது. இருவருக்கும் கடைசியில் 15½தான் பொருந்தியது. ஆனால் ஒருவருக்குக் கழுத்து மெலிந்த வயோலா வேண்டியிருந்தது, மற்றவருக்கு, வாத்தியத்துக்கும் தோளுக்கும் நடுவே வைக்கும் ஷோல்டர் ரெஸ்ட் உயரம் குறைந்ததாக இருந்தாலே போதுமாக இருந்தது.

என்னுடைய கதையையும் சொல்லவேண்டும், இதே தவறை வேறொருவர் செய்யக்கூடாது என்பதற்காக. முதல் வயோலாவை நான் கொழும்பில் ஒரு கடையில், பாவித்த ஒன்றாக வாங்கினேன். 16½ அங்குலம். கடைக்காரர் சி தந்தியை ஒருதரம் இழுத்துக் காட்டினார். அந்த நாதம் நெஞ்சுக்குள் போய் நின்றது. என் கைக்கு இது எப்படி என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. முதல் மாதம் மகிழ்ச்சி. இரண்டாம் மாதம் இடது பெருவிரலின் அடியில் ஒரு நோ. பெருவிரலால் கழுத்தை நெரித்துப் பிடித்துக்கொண்டுதான் சின்னிவிரலை நீட்டுகிறேன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. மூன்றாம் மாதம் காலையில் எழும்பும்போது சின்னிவிரல் விறைத்துப் போயிருந்தது. வைத்தியர் வாத்தியத்தைத் தொட வேண்டாம் என்றார். ஆறு கிழமை தொடவில்லை. பிறகு அதை உயரமான ஒரு தம்பிக்குக் கொடுத்துவிட்டு 15½க்கு வந்தேன். நோ திரும்பி வரவில்லை. வளர்ந்தவர்களுக்கு இது முக்கியம். பதினைந்து வயதுப் பிள்ளையின் கை நீண்டு கொடுக்கும், நாற்பதை நெருங்கும் கை நீண்டு கொடுக்காது. விறைப்போ நோவோ வந்தால் பழகப் பழகச் சரிவரும் என்று இருந்துவிடாதீர்கள்.

இனி உங்களுடைய கடைசி வரிக்கு வருகிறேன். கீழே அமர்ந்து வாசிக்கும்போது கணக்கே மாறிவிடும். வாத்தியத்தின் அடி நெஞ்சில், தலை வலது கணுக்காலில். பாரத்தைக் கால் தாங்குகிறது, கைக்குத் தூக்கும் வேலை கிடையாது. கர்நாடக முறையில் நாங்கள் பெரும்பாலும் சுட்டுவிரலையும் நடுவிரலையும் வைத்துத் தந்தியில் மேலும் கீழும் வழுக்கித்தான் வாசிக்கிறோம், சின்னிவிரலை முழுக்க நீட்டும் தேவை குறைவு. ஆகவே கர்நாடகம் மட்டும் வாசிப்பவர் என்றால் 16ஐயும் அதற்கு மேலும் எடுக்க நான் தடை சொல்லமாட்டேன். கால் வைக்கும் இடம் ஆறேழு சென்ரிமீற்றர் முன்னால் போகும், அவ்வளவுதான். பாலமுரளிகிருஷ்ணா வயோலா வாசித்தவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் இசைக்கு இந்த வாத்தியம் புதிதல்ல.

சுருதியிலும் ஒரு அழகான பொருத்தம் இருக்கிறது. வயலினில் 5 கட்டைக்கு ஸ, ப, ஸ, ப சேர்ப்பதென்றால் கீழ் இரண்டு தந்தியும் அப்படியே நிற்க, மேல் இரண்டையும் ஒவ்வொரு முழுச்சுரம் இறக்கினால் காணும். வயோலாவில் அதே காரியத்தைச் செய்தால் 1 கட்டை வந்துவிடும். சி ஷட்ஜம், ஜி பஞ்சமம், டி தந்தியை சிக்கும் ஏ தந்தியை ஜிக்கும் இறக்கவேண்டும். ஆண்குரல் பாடும் சுருதி அது. வீட்டில் யாராவது 1 கட்டையில் பாடுகிறவர் இருந்தால், பக்கத்தில் இருந்து அந்தக் கீழ்த்தந்தியை ஒருதரம் மீட்டிப் பாருங்கள். வயலின் மேல் ஸ்தாயியில் நின்று துணைபோகும், வயோலா பாடுகிறவரின் குரல் இருக்கும் இடத்துக்கே இறங்கிவரும்.

ஆனால் நீங்கள் இரண்டும் செய்யப்போகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை தோளில், மற்ற நாட்களில் காலில். தோளுக்குப் பொருந்தாதது தோளில் நோவைத்தான் தரும். காலுக்குச் சின்னது ஒரு நாளும் கெடுதல் செய்யாது. எனவே தோளை வைத்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும், அதனால்தான் 15½ என்றேன். ஒன்றை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ஷட்ஜத்தில் இருந்து சதுஸ்ருதி ரிஷபத்துக்கு வயலினில் 3.6 சென்ரிமீற்றர் போன விரல், இதில் 4 போகவேண்டும். ஒவ்வொரு ஜாருவும், அதாவது வழுக்கலும், கமகமும் பத்தில் ஒரு பங்கு நீளும். முதல் சில கிழமைகள் எல்லாச் சுரமும் கொஞ்சம் குறைந்துதான் நிற்கும். சுருதிப் பெட்டியோடு மெதுவாக சரளி வரிசையில் இருந்து திரும்பத் தொடங்குங்கள், கை கெதியில் பழகிவிடும்.

சின்ன வயோலாவின் குறை என்ன என்பதையும் மறைக்கக்கூடாது. சி தந்தி மெலிந்து கேட்கும், சிலவற்றில் மூக்கால் பேசுவது மாதிரி இருக்கும். இதற்கு நீளத்தைக் கூட்டுவது மட்டும்தான் வழி என்றில்லை. உடலின் அடிப்பாகம் அகலமாகவும், பக்கச்சுவர் உயரமாகவும் இருக்கும் 15½ ஒன்று, ஒடுங்கிய 16ஐ விட நிறைந்த நாதம் தரும். ஆனால் பக்கச்சுவர் உயர்ந்தால் தாடைக்கும் தோளுக்கும் இடையில் இடம் பிடிக்கும், ஷோல்டர் ரெஸ்ட்டைத் தணிக்க வேண்டிவரும். வாத்தியத்தின் மேல்தோள் மட்டும் அகலமாக இருந்தால் மேல் ஸ்தாயிக்குக் கை சுற்றிப் போகாது. மேல் ஒடுங்கி, அடி அகன்றதாகத் தேடச் சொல்லுங்கள். தந்தியாலும் கொஞ்சம் ஈடுகட்டலாம். சி தந்திக்கு மட்டும் டங்ஸ்டன் சுற்றியது போட்டால் பருமன் கூடாமல் பாரம் கூடும், குரல் தெளியும்.

அண்ணா கடையில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சாதாரண அளவுநாடாவோடு போகட்டும். நட்டில் இருந்து குதிரை வரை அளக்கட்டும். 36½க்கு மேல் என்றால், எவ்வளவு நல்ல நாதமாக இருந்தாலும் வைத்துவிட்டு வரட்டும். கடையில் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு நாலு தந்தியையும் வாசிக்கச் சொல்லி, தான் பத்தடி தள்ளி நின்று சி தந்தியை ஃபோனில் பதிந்து உங்களுக்கு அனுப்பட்டும். கனடாவில் பல கடைகள் வாத்தியங்களை வாடகைக்கும் கொடுக்கின்றன, ஆனால் ஊருக்குக் கொண்டுவரும் உங்களுக்கு அது உதவாது. அதனால்தான் அளவை இங்கேயே தீர்க்கமாகத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும் என்கிறேன். வில்லும் வயோலாவுக்கு உரியதாக இருக்கட்டும். வயலின் வில் 60 கிராம் அளவில் இருக்கும், வயோலா வில் 70 வரும். தடித்த தந்தியை எழுப்ப அந்தப் பாரம் வேண்டும். 16க்கு மேல் போனால் குதிரையும் தள்ளிப் போய்விடும், கை குட்டையானவர்களுக்கு வில்லின் நுனி வரை இழுக்க எட்டாது. உங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது.

தந்தி இரண்டு செற் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். இங்கே வயலின் தந்தி வாங்குவது போல வயோலாத் தந்தி நினைத்தவுடன் கைக்கு வராது. ஏ தந்தி மட்டும் இன்னொன்று கூட, அதுதான் முதலில் அறும். தந்தி செற்றிலும் அளவு உண்டு. 15 முதல் 16 அங்குலத்துக்கு உரிய நடுத்தரம் என்று போட்டிருப்பதை எடுக்கவேண்டும். பெரிய வயோலாவுக்கான தந்தி உங்களுடையதில் தொய்யும்.

விமானத்தில் வரும்போது தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், முழுக்கக் கழற்றவேண்டாம். கழற்றினால் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்னக் குச்சி விழுந்துவிடும், அதை நிறுத்தத் தெரிந்த ஆளைத் தேடி அலையவேண்டும். பெட்டி வயலின் பெட்டியை விட நீளம், கையில் கொண்டுவர விடுவார்களா என்று விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டு வைப்பது நல்லது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி ரயிலில் வந்தாலும் பஸ்ஸில் வந்தாலும் மடியிலோ பக்கத்திலோ இருக்கட்டும், பஸ்ஸின் அடிப்பெட்டிக்குள் போடவேண்டாம். அந்தச் சூட்டில் பசை விடும். மார்கழி மழையில் வந்து சேரும் வாத்தியத்தின் பிருடை ஊதி இறுகக்கூடும், பலம் போட்டுத் திருகாதீர்கள். ஈரம் குறைந்தால் தானாகவே இளகும். அதே பிருடை சோளகம் வீசும் மாதங்களில் வழுக்கும், அதற்குக் கொஞ்சம் சோக்குத்தூள் காணும்.

அண்ணாவுக்குச் சொல்வதற்கு முன்னால் தும்புத்தடிச் சோதனையை மட்டும் இரண்டு நாள், காலையும் மாலையும், ஐந்து ஐந்து நிமிடம் செய்து பாருங்கள். ஒருதரம் எட்டுவது வேறு, ஐந்து நிமிடம் அங்கேயே நிற்பது வேறு. சின்னிவிரல் இரண்டாம் நாள் மாலையிலும் வளைந்தபடி 12இல் இறங்கினால் 15½. இறங்க மறுத்தால் கொஞ்சமும் யோசிக்காமல் 15 என்று சொல்லுங்கள், தந்தி நீளம் 35 வந்தாலும் நல்லது.